பழைய மடிக்கணினிக்குப் புதிய வைஃபை தென்படாதது ஏன்?

கம்பியில்லா இணைப்பில் கருவிகள் எந்த அதிர்வெண்ணில், எவ்வகைக் குறியீட்டில் பேச வேண்டும் என்பதை வரையறுக்கும் விதித்தொகுப்பே தரநிலை எனப்படும். 2003இல் வெளிவந்த 802.11ஜி தரநிலையை மட்டும் அறிந்த மடிக்கணினி, இன்றைய ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பைப் பட்டியலில் காட்டாதது பழுதன்று. அதன் வானொலிச் சில்லு 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு மட்டுமே அமைக்கப்பட்டதால், எந்த மென்பொருளாலும் அக்குறையை நீக்க இயலாது.

ஆயினும் 2.4 பட்டையில் பழையதும் புதியதும் சேர்ந்து இயங்குவது வியக்கத்தக்க பொறியியல். 1999இல் வந்த 802.11பி கருவிக்கு ஜி வகைச் சைகை வெறும் இரைச்சலாகவே படும் என்பதால், புதிய கருவி தன் தரவை அனுப்புமுன், இன்ன நேரம் வரை அலைவெளி தனக்குத் தேவை என்னும் சிற்றறிவிப்பைப் பழைய முறையிலேயே ஒலிபரப்ப, அதைப் புரிந்துகொண்ட பழைய கருவி அதுவரை மௌனம் காக்கிறது. இந்த மரியாதைக்கு விலையும் உண்டு: அறிவிப்புகள் நேரத்தை விழுங்குவதால் வலையமைப்பு முழுவதும் மெதுவாகிறது.

அலைவரிசை பொருந்தினாலும் பூட்டு பொருந்தாமல் போகலாம். 2018இல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ.3 மறையாக்கத்தை மட்டும் ஏற்கும்படி ரவுட்டர் அமைக்கப்பட்டிருந்தால், டபிள்யூ.பி.ஏ.2 வரை மட்டுமே அறிந்த கணினி, கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே நுழைய முடியாது. இரண்டையும் ஏற்கும் கலப்பு அமைப்பே அங்குத் தீர்வு.

பழைய சில்லின் குறையை ஈடுசெய்ய யூ.எஸ்.பி. வைஃபை அடாப்டர் வாங்க எண்ணுவோர், யூ.எஸ்.பி. 2.0 துளையின் உச்ச வேகமே நொடிக்கு 480 மெகாபிட் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும்.