அடம் பிடிக்கும் இரும்புக் கதவு

உங்கள் வீட்டு முன்கதவைத் திறக்க எத்தனை பேர் வேண்டும்?

சிரிக்காதீர்கள். புக்கிட் தெங்காவில் இருக்கும் என் அக்காள் வீட்டில் சில காலத்திற்கு முன்புவரை இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒருவர் சாவியைத் திருப்ப வேண்டும். இன்னொருவர் தோளால் ஓர் இடி இடிக்க வேண்டும். "இரும்புக் கதவு என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று எல்லோரும் பழகிவிட்டார்கள். ஒரு நாள் மாலை அக்காள் வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் அவள் மாமியார் மட்டும். அடுப்பில் வைத்த பாலை மறந்து கண் அயர்ந்துவிட்டார். விழித்தபோது வீடு முழுக்கப் புகை. பூட்டைத் திறந்துவிட்டார், ஆனால் கதவை இழுக்க அந்த எழுபது வயதுக் கைகளில் வலுவில்லை. கூச்சல் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து வெளியிலிருந்து தள்ளினார். நல்ல வேளையாகத் தீய்ந்தது ஒரு சட்டி மட்டுமே.

அதன்பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காள் மகனும் உட்கார்ந்து அந்தக் கதவைச் சரி செய்தோம். அரை நாள் வேலை; பத்து வெள்ளிக்குள் செலவு. நீங்களும் செய்யலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மரக் கதவும் இரும்புக் கதவும்

தோட்டத்து லயத்தில் நமக்கிருந்தது மரக் கதவு. அடைமழைக் காலத்தில் ஈரத்தைக் குடித்து ஊதிக்கொள்ளும். வெயில் வந்தால் தானே இளைத்துவிடும். மிஞ்சிப் போனால் தோட்டத்து ஆசாரி வந்து ஓரத்தை இழைத்துக் கொடுப்பார். இன்று தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்துவிட்ட பலர் வீட்டில் இருப்பது இரும்புக் கதவு. இரும்பு ஈரத்தைக் குடிக்காது. ஆகவே அது சிக்கினால் "மழைக்காலம், பிறகு சரியாகிவிடும்" என்று காத்திருப்பதில் பயனில்லை. அதற்கு வேறு காரணம் இருக்கிறது. அதைத்தான் நாம் தேட வேண்டும்.

முதலில் எடையை நினைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோ எடை உள்ளது. 2.1 மீட்டர் உயரமும் 0.9 மீட்டர் அகலமும் உள்ள கதவுக்கு முன்னும் பின்னும் இரண்டு தகடு வைத்தால் அதுவே 30 கிலோ. உள்சட்டமும் பூட்டும் சேர்ந்தால் 40 கிலோவை எட்டிவிடும். ஒரு மூட்டை சிமெண்டை விடச் சற்றுத்தான் குறைவு! இவ்வளவு பாரமும் இரவு பகலாகக் கீல்களில் தொங்குகிறது. கீழ்க் கீலைக் கதவு நிலையோடு சேர்த்து அழுத்துகிறது. மேல் கீலையோ நிலையிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது. அதனால்தான் பெரும்பாலும் முதலில் தளர்வது மேல் கீல்.

எங்கே சிக்குகிறது?

இடிப்பதை நிறுத்துங்கள். முதலில் பாருங்கள். கதவை மெதுவாகச் சாத்தி, சுற்றிலும் இருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். ஒரு தடித்த அட்டைத் துண்டை இடைவெளியில் விட்டு மேலிருந்து கீழே நகர்த்துங்கள். அட்டை எங்கே நிற்கிறதோ அங்கேதான் நோய். இன்னும் ஐயமாக இருந்தால் பிள்ளைகளின் சாக்கட்டியை நிலையின் ஓரத்தில் நன்றாகப் பூசிவிட்டுக் கதவைச் சாத்தித் திறங்கள். உரசும் இடம் கதவின் மேல் வெள்ளையாகத் தெரியும்.

அடையாளங்கள் இவை:

பூட்டுப் பக்கத்து மேல் மூலை நிலையில் உரசி, கீழ் மூலை தரையில் தேய்ந்தால் கதவு தொங்கிவிட்டது என்று பொருள்.

ஓரம் முழுவதும் ஒரே சீராக இறுக்கமாக இருந்தால் சாயம் தடித்துவிட்டது.

கீழ்ப் பகுதி மட்டும் உப்பி, சாயம் செதில் செதிலாக உரிந்தால் துரு.

காலையில் சுகமாகத் திறந்து பிற்பகலில் மட்டும் சிக்கினால் வெயில்.

கதவு நன்றாகச் சேர்ந்தும் பூட்டு மட்டும் விழவில்லை என்றால் குற்றம் கதவில் இல்லை. பூட்டின் நாக்கு நிலையிலுள்ள துளைக்கு நேராக இல்லை. துளையின் ஓரத்தை அரத்தால் கொஞ்சம் ராவினால் போதும்.

தொங்கிய கதவுக்கு வைத்தியம்

கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பற்றி மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் கண்டால் கீல் தளர்ந்திருக்கிறது. ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ள, அடியில் மரக்கட்டையும் ஆப்பும் வைத்துப் பாரத்தைத் தாங்குங்கள். இதைச் செய்யாமல் திருகாணியைத் தொடவே கூடாது. 40 கிலோ காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

இனி மேல் கீலின் திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஒன்று பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் துளை தேய்ந்துவிட்டது; ஒரு சுற்றுப் பெரிய திருகாணியை இரும்புக் கடையில் கேட்டு வாங்கிப் போடுங்கள். எல்லாத் திருகாணிகளையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். ஒன்றைக் கழற்றினால் அதைப் பூட்டிய பிறகே அடுத்தது.

இறுக்கியும் போதவில்லையா? கீழ்க் கீலுக்கும் நிலைக்கும் நடுவே மெல்லிய தகரத் துண்டு ஒன்றை வைத்துப் பூட்டுங்கள். கதவின் கால் சற்றே வெளியே தள்ளப்பட, தொங்கிய மூலை மேலே ஏறும். சில வீடுகளில் கீலைத் திருகாணி இல்லாமல் பற்றவைத்திருப்பார்கள். அது நம் கைவேலை அல்ல, பட்டறைக்காரரைக் கூப்பிடுங்கள்.

அக்காள் வீட்டில் மேல் கீலில் நான்கு திருகாணிகளில் இரண்டுதான் மிச்சம் இருந்தன. மற்ற இரண்டும் எப்போது விழுந்தன என்று யாருக்கும் தெரியவில்லை!

தீபாவளிச் சாயம்

இரண்டாவது குற்றவாளி நம்முடைய ஆசைதான். ஒவ்வொரு தீபாவளிக்கும் பழைய சாயத்தின் மேலேயே புதுச் சாயம் பூசுகிறோம். காய்ந்த பூச்சு ஒன்று ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துத் தீபாவளிக்கு அரை மில்லிமீட்டர். கதவில் அரை, நிலையில் அரை. ஆக ஒரு மில்லிமீட்டர் இடைவெளி போயிற்று. உரசும் இடத்தில் மட்டும் மணல் தாளால் தேய்த்து, ஒரே ஒரு மெல்லிய பூச்சு கொடுங்கள். நன்றாகக் காயும்வரை கதவை இறுகச் சாத்தாதீர்கள். பழைய சாயத்தில் ஈயம் கலந்திருக்கக் கூடும்; ஆகவே நனைத்துத் தேய்த்து, தூளை ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

துருவும் வெயிலும்

வெள்ளிக்கிழமைதோறும் வாசலைக் கழுவுகிறோம். அந்தத் தண்ணீர் நிலையின் அடியில் தேங்குகிறது. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேலாகப் பருக்கும். அந்த உப்பல் கதவை நெருக்கும். துருவைச் சுரண்டி, துரு தடுக்கும் அடிச்சாயம் பூசி, அதன் மேல் சாயம் பூசுங்கள். கழுவிய பிறகு கதவடியைத் துடைப்பதையும் வழக்கமாக்குங்கள்.

மேற்கு பார்த்த வீடாக இருந்தால் வெயிலும் விளையாடும். 2.1 மீட்டர் இரும்பு 30 பாகை சூடேறினால் முக்கால் மில்லிமீட்டர் நீளும். இடைவெளி குறைந்த கதவுக்கு அதுவே போதும். வாசலுக்கு நிழல் தாருங்கள். கறுப்புக்கும் அடர்ந்த நிறங்களுக்கும் பதில் வெளிர் நிறச் சாயம் பூசுங்கள்.

பூட்டுக்கும் கீலுக்கும் சமையல் எண்ணெய் விடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நாளடைவில் அது பிசினாகித் தூசியைப் பிடிக்கும். கீலுக்குத் தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு. சாவித் துளைக்குப் பென்சில் கரித்தூள் கொஞ்சம். அவ்வளவுதான்.

எப்போது கைவைக்கக் கூடாது?

கதவின் மேல் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடுகிறதா? செபராங் பிறைக் கரையோரத்தில் மென்மையான கடற்களிமண் நிலம் உண்டு; அங்கே கட்டடம் மெல்ல அமிழ்ந்தால் நிலை கோணும். அதைக் கீலால் சரிசெய்ய இயலாது. கட்டடம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அடுக்குமாடியில் உங்கள் கதவு தீத்தடுப்புக் கதவாக இருந்தால் அதை அறுக்கவோ துளைக்கவோ கூடாது; நிர்வாகத்திடம் கேளுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். இன்னும் தோட்ட வீட்டில் இருப்பவர்கள், குடியிருப்பைப் பழுதின்றி வைத்திருப்பது முதலாளியின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் 446ஆம் எண் சட்டம் கூறுவதை நினைவில் வையுங்கள்.

கதவு எதற்காக?

திருடன் உள்ளே வராமல் இருக்கக் கதவு வைக்கிறோம். நாம் வெளியே போவதற்கும் அதே கதவுதான் என்பதை மறந்துவிடுகிறோம். 2017 செப்டம்பர் 14ஆம் நாள் விடியற்காலை கோலாலம்பூரில் ஒரு சமயப் பள்ளி விடுதியில் தீப்பிடித்தது. ஜன்னல்களில் இரும்புக் கம்பி. வாசல் பக்கம் நெருப்பு. 23 உயிர்கள் மாண்டன, பெரும்பாலோர் பிள்ளைகள்.

ஆகவே கதவைச் சரி செய்தபின் ஒரு பரீட்சை வையுங்கள். வீட்டிலேயே வலுக்குறைந்தவர் யாரோ, பாட்டியோ பள்ளிக்கூடம் போகும் சின்னவளோ, அவரை இருட்டில் தனியாகத் திறக்கச் சொல்லுங்கள். கிரில் கதவுக்குப் பூட்டு இருந்தால் சாவி எப்போதும் ஒரே ஆணியில், எல்லோருக்கும் எட்டும் உயரத்தில், வெளியிலிருந்து கைவிட்டு எடுக்க முடியாத இடத்தில் தொங்க வேண்டும். ஆபத்து என்றால் 999 என்ற எண்ணைப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும்.

அக்காளின் மாமியார் இப்போது ஒரு கையில் காப்பித் தம்ளரை வைத்துக்கொண்டு மறு கையால் கதவைத் திறக்கிறார். "முன்பே செய்திருக்கலாமே, தம்பி!" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

உங்களை அப்படிக் கேட்க விடாதீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமையே திருப்புளியை எடுங்கள்.