பனஞ்சோற்றுக்கும் ஒரு பயன்

மற்ற மரங்களுக்கு வைரம் உள்ளே, பனைக்கோ வெளியே. போரில் தலையறுந்த பனைகளைத் தறித்துச் சிலாகைக்கு வைரத்தை எடுத்தபின், நடுவிலுள்ள மெதுமையான சோற்றை விறகாக்கிவிடுகிறோம். காணியில் உக்கிக் கிடக்கும் வேப்பங்கட்டைக்கும் அதே கதிதான். இத்தகைய மரத்துக்குப் பிசினூட்டி இறுக்கி, சாயமும் ஏற்றும் முறையொன்றைக் கத்திப்பிடி, பேனை செய்வோர் பல நாடுகளில் கையாளுகின்றனர். பஞ்சுபோன்ற மரமே பிசினை நன்கு குடிக்கும். வைரம் இலகுவில் குடியாது.

இதில் முதல் எதிரி ஈரம். காய்ந்த கட்டையைச் சிறு மின்போறணையில் 100 பாகை செல்சியசுக்குச் சற்று மேலான சூட்டில், நிறை மேலும் குறையாத நிலை வரும்வரை வைத்து, மூடிய பையில் ஆறவிட வேண்டும். நமது கடற்காற்றில் திறந்து வைத்தால் மீண்டும் ஈரம் ஏறிவிடும்.

பின்னர் சாயம் கலந்த பிசினுள் பாரம் வைத்து அமிழ்த்தி, பாத்திரத்தை இறுக மூடி, பம்பியால் காற்றை இழுப்பர். மரத்துள் இருந்த காற்று குமிழியாக வெளியேறும். குமிழி நின்றதும் வெளிக்காற்றை உள்ளே விடுவர். பிசினை மரத்துள் தள்ளுவது இந்தக் காற்றின் அழுத்தமே. ஆகையால் அவசரப்பட்டு எடுக்காமல் பல மணி நேரம் ஊறவிட வேண்டும். ஈற்றில் ஏறக்குறைய 90 பாகைச் சூட்டில் பிசின் இறுகும்.

பிசினும் பம்பியும் விலைகூடியவை. தனிக் குடும்பம் கடன்பட்டு வாங்குவதை நாம் விரும்பவில்லை; பலர் சேர்ந்து ஒன்றை வைத்திருக்கலாம். கூரைமரத்துக்கு இம்முறை வேண்டாம், கைப்பிடிகளோடு நிற்கட்டும். வேலை காற்றோட்டமான இடத்தில், கையுறையுடன் நடக்கட்டும். பிசின் சூடாக்கிய போறணையில் பிறகு பாண் வைக்க வேண்டாம்.