லினக்ஸ் கணினியில் புளூடூத்: பழுதறியும் முறை

குறைந்த தொலைவில் இரு கருவிகளைக் கம்பியின்றிப் பிணைக்கும் வானொலி முறைக்குப் புளூடூத் என்று பெயர். ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தார் 1994-ஆம் ஆண்டு தொடங்கிய ஆராய்ச்சியின் விளைவு இது. லினக்ஸ் கணினியில் இதனை நடத்தும் நிரல் தொகுதி புளூஸெட் எனப்படும். 2001-ஆம் ஆண்டில் அது லினக்ஸின் கெர்னலில் இடம் பெற்றது. இத்தனை ஆண்டுகள் பண்பட்ட முறையாயினும், வகுப்பறையில் ஒலிபெருக்கி பேச மறுப்பதும், களத்தில் அளவுமானி கணினியோடு சேர மறுப்பதும் இன்றும் நிகழ்கின்றன. அவ்வேளையில் பலர் செய்வது யாதெனின், இயக்க முறைமை முழுவதையும் அழித்து மீண்டும் நிறுவுதல். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தும் செயலே இது. கணினியில் சேமித்த அளவீடுகளும் அதனோடு அழிந்து போகக்கூடும். பழுது எந்தப் படியில் உள்ளது என்று முதலில் அறிதல் வேண்டும். அறிந்தபின் பரிகாரம் பெரும்பாலும் சிறியதே.

கீழே குறிக்கும் கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் தருகிறோம். டெர்மினல் சாளரத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துக்களில் இடுக.

முதலாவது, வானொலிப் பகுதி விழித்திருக்கிறதா என்று காண்க. 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்னும் கட்டளை இதனைக் காட்டும். 'ஸாஃப்ட்' தடை இருப்பின் அது நிரலால் இடப்பட்டது. 'ஆர்எஃப்கில் அன்பிளாக் புளூடூத்' என இட்டால் நீங்கும். 'ஹார்ட்' தடை பெரும்பாலும் கணினியின் பொத்தானைச் சார்ந்தது. அதைக் கட்டளையால் நீக்க இயலாது. இப்பட்டியலில் புளூடூத் என்ற பெயரே தோன்றாவிடில், சில்லைக் கெர்னல் கண்டுகொள்ளவில்லை என்று பொருள்.

அந்நிலையில் 'டிமெஸ்ஜி' கட்டளை வெளியிடும் செய்திகளைப் பார்க்க வேண்டும். (சில முறைமைகளில் இதற்கு நிர்வாகி உரிமை தேவை.) இக்காலத்துச் சில்லுகளுள் பல, தமக்குரிய ஃபர்ம்வேர் கோப்பைக் கணினியிடமிருந்து ஒவ்வொரு முறையும் பெற்றுக்கொண்டே இயங்குகின்றன. கோப்பு இல்லையேல், அதனை ஏற்ற இயலவில்லை என்ற வரி அச்செய்திகளிடையே காணப்படும். டெபியன் முறைமையில் இக்கோப்புகளுட் பல தனித்தொகுப்பில் இருந்தன; 2023-ல் வெளியான 12-ஆம் பதிப்பிலிருந்துதான் அவை நிறுவல் வட்டிலேயே சேர்க்கப்பட்டன. டெபியனை அடிப்படையாகக் கொண்ட பழைய பதிப்புகளை வைத்திருப்போர் இதனை நினைவிற் கொள்க. கோப்பை நிறுவியபின் கணினியை மறுதொடக்கம் செய்வது மட்டும் போதாமற் போகலாம். முற்றிலும் அணைத்து, சற்றுப் பொறுத்து இயக்குக. மின்சாரம் அறாதவரை சில சில்லுகள் பழைய நிலையிலேயே நிற்கும்.

சில் சரியாயின், 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ் புளூடூத்' என்று கேட்டுச் சேவை நடைபெறுகிறதா என அறிக. பிறகு 'புளூடூத்சிடிஎல்' கருவியில் தேடல், பிணைத்தல், இணைத்தல் ஆகியவற்றைச் செய்யலாம். 'டிரஸ்ட்' என்னும் கட்டளையைப் பலர் விட்டுவிடுகின்றனர். அதை இடாத கருவி இன்று இணைந்தாலும், நாளைக் காலையில் தானே வந்து சேராமற் போகலாம்.

இனி, ஆசிரியர்களை மிகவும் அலைக்கழிக்கும் பழுதுக்கு வருவோம். தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸும், ஸி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒருங்கே வைத்தளிக்கப்பட்டதுண்டு. இவ்வாறு இரு முறைமைகள் குடியிருக்கும் எக்கணினியிலும் ஒரு விந்தை நேரும். விண்டோஸில் பிணைத்த ஒலிபெருக்கி லினக்ஸில் இணையாது. லினக்ஸில் பிணைத்தாலோ விண்டோஸில் இணையாது. கருவி பழுது என்று கடைக்கு அனுப்புவோரும் உளர். உண்மையில் எதுவும் பழுதுபடவில்லை. பிணைக்கும்போது இரு கருவிகளும் 128 பிட் நீளமுள்ள இரகசியச் சாவியொன்றை உண்டாக்கித் தத்தம்மிடம் வைத்துக்கொள்கின்றன. ஒலிபெருக்கி கணினியை அதன் புளூடூத் முகவரியால் மட்டுமே அறியும். முகவரி இரு முறைமைகளுக்கும் ஒன்றே. ஆதலால் புதிய சாவி வந்ததும் பழையதை அழித்துவிடுகிறது. வீட்டில் இருவர் இருக்க, ஒருவர் பூட்டை மாற்றிவிட்டு மற்றவரிடம் சொல்லாத கதைதான்.

பரிகாரம் இது: முதலில் லினக்ஸிலும், பிறகு விண்டோஸிலும் பிணைக்கவும். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் உள்ள சாவியை எடுத்து, லினக்ஸில் 'வார்' அடைவினுள் 'லிப்', அதனுள் 'புளூடூத்' என்ற அடைவில், அக்கருவிக்குரிய 'இன்ஃபோ' கோப்பில் பழைய சாவிக்குப் பதிலாக எழுதிச் சேவையை மீண்டும் தொடங்குக. நிர்வாகி உரிமையுடன் செய்யவேண்டிய பணி இது. சாவியைப் படமெடுத்துப் பிறருக்கு அனுப்புதல் கூடாது. குறைமின் வகைச் சுட்டிகளில் சாவிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. அவற்றை ஒரே முறைமையில் பயன்படுத்துவதே அறிவுடைமை என்பது எம் கருத்து.

இணைந்த பின்னும் ஒலி விட்டுவிட்டுக் கேட்பின், குற்றம் கணினிக்கு வெளியே இருக்கலாம். தில்லியின் கிட்வாய் நகரை எடுத்துக்கொள்வோம். சுதந்திர இந்தியாவின் முதல் செய்தித் தொடர்பு அமைச்சரான ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கிய இப்பகுதி, வானொலி பற்றிய பேச்சுக்குப் பொருத்தமானதே. இதன் கிழக்குப் பகுதியில் மத்திய அரசு ஊழியர்களின் பழைய தாழ்ந்த குடியிருப்புகள் அகன்று, அடுக்குமாடிகள் நெருங்கி எழுந்துள்ளன. அடுக்குமாடியில் வீட்டுக்கொரு வைஃபை கருவி என்று கொண்டால், ஒருவர் அறைக்குள் மேலும் கீழும் பக்கத்திலுமாக எத்தனை அலைகள் புகும் என்று எண்ணிப் பாருங்கள்! 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையைக் குறைந்த ஆற்றலில் உரிமமின்றிப் பயன்படுத்த இந்தியாவில் 2005-ல் அனுமதி வந்தது. வைஃபையும் புளூடூத்தும் நுண்ணலை அடுப்பும் அவ்வரிசையிலேயே நெருக்கியடித்துக்கொள்கின்றன. புளூடூத் 79 தடங்களில் வினாடிக்கு 1600 முறை தாவித் தாவிச் செய்தி அனுப்புவது. இரைச்சல் மிகுந்த தடங்களை விலக்கிச் செல்லும் திறமும் அதற்கு உண்டு. ஆயினும் குறைந்தது 20 தடங்களேனும் அதற்கு வேண்டும். வைஃபையின் 1, 6, 11 எண் தடங்கள் மூன்றும் நிறைந்துவிட்டால் ஒதுங்க இடம் சொற்பமே.

இவ்விடத்தில் கணினியின் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸ் வரிசைக்கு மாற்றுவது நற்பயன் தரும். மடிக்கணினிகள் பலவற்றில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே அட்டையில் அமைந்தவை. புளூடூத் டாங்கிளைச் செருகியிருப்போர் அருகிலுள்ள யுஎஸ்பி 3.0 துளையையும் ஐயுறுக. அதில் இணைத்த வட்டு இயங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் இரைச்சல் எழுகிறது என்று இன்டெல் நிறுவனம் 2012-ல் விளக்கியிருக்கிறது. ஒரு சிறிய நீட்டிப்புக் கம்பியால் டாங்கிளை முழ தூரம் தள்ளி வைத்தாலே பலமுறை போதுமானது.

ஒலி விட்டுப்போகாமல், ஆனால் தொலைபேசி போல் மெலிந்து கேட்பின், அது பழுதன்று. ஏதோ ஒரு நிரல் ஒலிவாங்கியைத் திறந்திருக்கிறது. அதனால் தலைபேசி உரையாடல் நிலைக்கு மாறிவிட்டது. ஒலி அமைப்பில் 'ஏ2டிபி' நிலையைத் தேர்ந்து, பேசுவதற்குக் கணினியின் சொந்த ஒலிவாங்கியை வைத்துக்கொள்க.