கழுத்தில் தொங்கும் பணப்பை! பேராசை பற்றி இதெல்லாம் தெரியுமா?

பேராசைக்கு உருவம் கொடுக்கச் சொன்னால் எதை வரைவீர்கள்? பௌத்தர்கள் வரைந்தது சேவலை! திபெத்திய மடங்களின் வாசல் சுவரில் பவச்சக்கரம் என்ற பிறவிச்சக்கர ஓவியம் இருக்கும். அதன் நட்டநடுவில் மூன்றே பிராணிகள்: ஆசைக்குச் சேவல், வெறுப்புக்குப் பாம்பு, அறியாமைக்குப் பன்றி. ஒன்றின் வாலை ஒன்று கவ்விக்கொண்டு சுற்றுகின்றன! அதே சக்கரத்தில் பசிப்பேய்களும் உண்டு. வயிறு மலையளவு, தொண்டையோ ஊசித்துளை அளவு!

திருக்குறளில் 18-ஆவது அதிகாரம் என்ன தெரியுமா? வெஃகாமை! அடுத்தவர் பொருளுக்கு ஆசைப்படாமல் இருப்பது. பொதுவாக ஆசையை விடுவதற்கு ‘அவா அறுத்தல்’ என்று வேறு அதிகாரம். கஞ்சத்தனத்துக்கு ‘இவறல்’ என்று வேறு சொல். அடேயப்பா, என்ன நுணுக்கம்!

எதுவுமே இல்லாத துறவிக்குப் பணத்தாசை வருமா? வரும் என்கிறார் எவாக்ரியஸ்! 4-ஆம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் வாழ்ந்தவர். தீய எண்ணங்கள் 8 என்று பட்டியல் போட்டார். பணத்தாசையும் அதில் ஒன்று. அந்த எண்ணம் துறவியின் காதில் என்ன ஓதுமாம்? ‘வயசாகிவிடும், கை ஓடாது, பஞ்சம் வரும், நோய் வரும், பிறரிடம் கையேந்த வேண்டியிருக்கும்’ என்று! 1,600 வருடத்துக்கு முந்தைய பயம். நம் வீட்டுப் பேச்சு மாதிரியே இல்லை? பிறகு போப் கிரகரி அந்த எட்டைச் சுருக்கியதுதான் புகழ்பெற்ற 7 பாவங்கள்!

பேராசையே தீமைகளின் வேர் என்பதை லத்தீனில் நான்கு சொல்லில் சொல்வார்கள். அந்த நான்கின் முதலெழுத்துகளைக் கோத்தால்... ரோமா! இடைக்காலத்தில் ரோமாபுரியைத் திட்ட இதைவிட வசதியான ஆயுதம் உண்டா?

ரோமாபுரிப் பணக்காரர் கிராசஸ் என்ன செய்வார் தெரியுமா? தீப்பிடித்து எரியும் வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்குவார்! திரும்பக் கட்ட 500-க்கும் மேற்பட்ட அடிமைகள் தயார். கி.மு. 53-இல் பார்த்தியரிடம் தோற்று மாண்டார். உருக்கிய தங்கத்தை அவர் வாயில் ஊற்றினார்கள் என்றொரு கதையும் உண்டு!

இனி இத்தாலியின் பதுவா நகருக்கு வாருங்கள், இதுதான் எனக்கு மலைப்பு! ரெஜினால்டோ ஸ்க்ரோவெஞ்ஞி பெரிய வட்டிக்காரர். தாந்தே தன் காவியத்தில் அவரை நரகத்தின் சுடுமணலில் உட்கார வைத்துவிட்டார். முகம் பார்த்து அடையாளம் தெரியாது. கழுத்துப் பையைப் பார்த்தால் தெரியும். வெள்ளைப் பை, அதில் நீலச் சினைப்பன்றி, அவர்கள் குடும்பச் சின்னம்! மகன் என்ரிக்கோ ஒரு தேவாலயம் கட்டினார். அப்பாவின் பாவத்துக்குப் பரிகாரம் என்பார்கள். ஓவியர் ஜியோட்டோ, 1305 வாக்கில் பணி முடிந்தது. இறுதித் தீர்ப்பு ஓவியத்தை உற்றுப் பாருங்கள். ஒரு பக்கம் என்ரிக்கோ மண்டியிட்டு ஆலயத்தைக் காணிக்கை தருகிறார். அதே சுவரின் நரகத்தில் வட்டிக்காரர்கள் தொங்குகிறார்கள். தூக்குக்கயிறு எது தெரியுமா? அவர்களுடைய பணப்பையின் சுருக்குக் கயிறேதான்!

பேராசை போன்ற தனிமனிதத் தீக்குணங்களால்தான் ஊர் செழிக்கிறது என்று எழுதினார் லண்டன் மருத்துவர் மாண்டவில். 1723-இல் அவர் புத்தகத்தையே பொதுத்தொல்லை என்று குற்றம்சாட்டினார்கள்!

தொட்டதெல்லாம் பொன்னான மைடாஸ் கதை தெரியும்தானே? சாபம் போக அவன் குளித்த ஆறு பக்டோலஸ். அது கற்பனை ஆறு இல்லை! இன்றைய துருக்கியில் இருக்கிறது. அதன் மணலில் நிஜமாகவே பொன் கிடைத்தது. உலகின் மிகப் பழைய நாணயங்களில் சிலவற்றை அச்சடித்த லிடியர்களின் தலைநகரம் எங்கே இருந்தது தெரியுமா? அந்த ஆற்றங்கரையில்!