தடாகம் பச்சையானால் யாரைக் கேட்பது?

2016 ஓகஸ்ட் 9ஆம் திகதி ரியோ ஒலிம்பிக்கில், பாய்தல் போட்டிக்கான தடாகம் பச்சையாகிப்போனது. பக்கத்துத் தடாகம் நீலமாகவே இருந்ததால் தொலைக்காட்சியில் அது இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. பாசி, காரத்தன்மைக் குறைவு என்று ஏற்பாட்டாளர்கள் பல காரணம் சொன்னார்கள். சில நாள் கழித்துத்தான் விஷயம் வெளிவந்தது: ஓகஸ்ட் 5ஆம் திகதி ஒப்பந்தக்காரர் ஒருவர் 80 லீற்றர் ஐதரசன் பெரொக்சைட்டை ஊற்றியிருக்கிறார். அது குளோரினை முறித்துவிட, பாசிக்குக் கொண்டாட்டம். உலகத்தின் கண்முன்னே, காசுக்குப் பஞ்சமில்லாத இடத்திலேயே இந்தக் கதி.

மன்னார்ப் பள்ளிமுனையில் பிள்ளைகள் நீந்தக் கடல் இருக்கிறது, தடாகம் எதற்கு என்று கேட்கலாம். பாடசாலைச் சுற்றுலாவிலும் உறவினர் வீட்டுக் கொண்டாட்டத்திலும் அவர்கள் ஏதோவொரு ஹோட்டல் தடாகத்தில் இறங்கத்தான் செய்கிறார்கள். மன்னாருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. இலங்கை மலேரியாவை ஒழித்த நாடு என உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் மன்னார்த் தீவின் பேசாலையில், கிணறுகளில், அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பின் குடம்பிகள் பிடிபட்டன. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் நுளம்பு இது; மனிதன் கட்டி வைத்த கிணறு, தொட்டி, பாவிக்காத தடாகம் எல்லாம் அதற்கு வீடுதான். ஆகவே கைவிடப்பட்ட பச்சைத் தடாகம் எங்கள் தீவில் வெறும் அசிங்கம் அல்ல.

பாசி ஆளைக் கொல்வதில்லை. ஆனால் பாசி பிடித்திருக்கிறதென்றால் அங்கே கிருமியைக் கொல்லவும் போதிய குளோரின் இல்லை என்றுதான் பொருள். கலங்கிய நீருக்குள் மூழ்கும் பிள்ளையை மேலே நிற்பவர் காணவும் மாட்டார். அடியிலுள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரியாத தடாகத்தில் பிள்ளையை இறக்காதீர்கள். இதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. இன்னொன்று: மூக்கைத் துளைக்கும் "குளோரின் மணம்" சுத்தத்தின் அடையாளம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து களைத்துப்போன குளோரினின் மணம்.

தடாகக்காரர் செய்யும் பெரிய பிழை, பச்சையைக் கண்டதும் வெளிற்றும் தூளை வாரிக் கொட்டுவது. குளோரினின் வலிமை நீரின் பி.எச். பெறுமானத்தில் இருக்கிறது. பி.எச். 7.5இல் ஏறத்தாழப் பாதிக் குளோரின் வீரியமான வடிவில் நிற்கும். 8ஐத் தொட்டால் அது காற்பங்கு அளவுக்கு இறங்கும். மன்னாரின் நிலத்தடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். அதில் ஊறிய கிணற்று நீரால் தடாகத்தை நிரப்பினால் பி.எச். மேலே போகப் பார்க்கும். கல்சியம் சேர்ந்த வெளிற்றும் தூள் அதை இன்னும் ஏற்றும். பாதி மூடை போயும் பச்சை போகாததன் இரகசியம் பெரும்பாலும் இதுதான்.

முதலில் காரத்தன்மையையும் பி.எச்.ஐயும் அளக்கவேண்டும். அசிட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, பம்பு ஓடிக்கொண்டிருக்க, பி.எச்.ஐ 7.2 - 7.4க்குக் கொண்டுவரலாம். சுவரையும் படிகளையும் தூரிகையால் தேய்த்த பிறகே, சூரியன் சாய்ந்தபின், குளோரினை லீற்றருக்கு 10 மில்லிகிராம் அளவுக்கு ஏற்றவேண்டும். வெயிலில் போட்டால், நிலைப்படுத்தி சேர்க்காத குளோரினில் பாதி ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே போய்விடும். வடிகட்டி இரவும் பகலும் ஓடட்டும். செத்த பாசி சாம்பல் நிறமாகக் கலங்கி அடியில் படியும், அதை உறிஞ்சி எடுக்கவேண்டும். குளோரின் 3 மில்லிகிராமுக்குக் கீழே வரும்வரை எவரும் இறங்கக் கூடாது. குளோரின் மாத்திரைகளையே மாதக்கணக்கில் போடுகிறவர்களுக்குத் தனி எச்சரிக்கை: அவற்றிலுள்ள சயனூரிக் அமிலம் சேர்ந்து சேர்ந்து குளோரினைக் கட்டிப்போடும். நீரில் ஒரு பங்கை மாற்றுவதுதான் நடைமுறை வழி.

வேலையாளுக்குத்தான் ஆபத்து அதிகம். அசிட்டும் வெளிற்றும் தூளும் ஒரே வாளியில் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும்; நுரையீரலைத் தின்னும். தூளை நீரில் போடவேண்டும், தூளின்மேல் நீர் ஊற்றக் கூடாது. முகக்கவசமும் கையுறையும் தராமல் இந்த வேலைக்கு ஆளை ஏவும் முதலாளி, தன் கடமையை வேலையாளின் நெஞ்சில் இறக்கிவைக்கிறார். வாயுவை மூச்சில் இழுத்தவரைத் திறந்த வெளிக்குக் கொண்டுவந்து 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

சரி, உங்கள் உரிமை? காசு கொடுத்து இறங்குகிறவர் நுகர்வோர். இன்றைய குளோரின் எவ்வளவு, பி.எச். எவ்வளவு என்ற இரண்டு எண்களை, எழுதிவைத்த பதிவோடு கேட்கலாம். லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரினும் 7.2 முதல் 7.8 வரையான பி.எச்.உம் பொதுவாக ஏற்கும் எல்லை. பதிவேடே இல்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். சேவையில் குறை இருந்தால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. மூன்று மாதங்களுக்குள் எழுதுங்கள், பற்றுச்சீட்டைக் கிழித்தெறியாதீர்கள்.

அயலில் பாழடைந்து நிற்கும் தடாகத்துக்கு வேறு வழி. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், இடத்தைக் குடம்பி வளரவிடாமல் வைத்திருப்பதை உரிமையாளரின் பொறுப்பாக்குகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ நீரின் படத்தோடும் திகதியோடும் எழுத்தில் கொடுங்கள். முறைப்பாட்டில் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று அறிய, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அசைவே இல்லாவிட்டால், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைக் கோவையின் 98ஆம் பிரிவின் கீழ் பொதுத் தொல்லை என நீதவானிடம் போகலாம். நீர் விஷயத்தில் வடக்குக்கு நீதிமன்றம் புதிதல்ல. யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பற்றிய வழக்கில், பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி மின் நிறுவனத்துக்கு உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் கட்டளையிட்டது.

தடாகத்தை வெறுமையாக்குகிறவர்கள் ஒன்று செய்யவேண்டும். குளோரின் ஏற்றிய நீரை உடனே கடலோரக் கண்டற் காட்டுக்கோ அயலான் கிணற்றுப் பக்கமோ திறந்துவிடக் கூடாது. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் அதைத் தாங்கா. வெயிலில் சில நாள் நிறுத்தி, அளந்து பார்த்து, குளோரின் இல்லையென்று தெரிந்த பிறகு விடலாம்.