மெழுகு விட்டுப்போன இடம்

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடிக்குப் போகும் வழியில் இருக்கிறது பூவம். காவிரி சுமந்து வந்த வண்டல் கடலைத் தொடும் கரையோரம். மழை விட்ட மறுநாள் வரப்பில் நடந்தால் காலில் அப்பிக்கொள்ளும் இந்த மண்ணுக்கு, ஆற்றோடு மேற்கே போனால் வரும் சுவாமிமலையில் வேறொரு வேலை உண்டு.

அங்கே அது சாமிக்கு அச்சாகிறது.

சுவாமிமலை ஸ்தபதிகள் சிலையை முதலில் மெழுகில் செய்கிறார்கள். தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றையும் காய்ச்சிக் கலந்தால் கைச்சூட்டுக்கு வளையும், ஆறினால் நிற்கும். அளவு சொல்வது தென்னை ஓலை. சிலையின் உயரத்துக்கு நறுக்கி, சிற்பிகளின் தாள அளவுக் கணக்குப்படி மடித்த அதற்கு ஒடியோலை என்று பெயர். முகம் எங்கே முடிகிறது, முழங்கால் எங்கே வருகிறது என்பதை மடிப்புகள் காட்டிவிடும்.

மெழுகின் மேல் முதல் பூச்சு, உமிக்கரியோடு நைய அரைத்த வண்டல். நகத்தின் கோடு, மாலையின் ஒவ்வொரு மணி, எல்லாவற்றையும் அந்த மண் வாங்கிக்கொள்ள வேண்டும். அது காய்ந்ததும் வயல் களிமண்ணும் மணலும் கலந்த தடித்த பூச்சு. மேலே கம்பிக் கட்டு. பிறகு வறட்டி நெருப்பு. மெழுகு உருகி, துளை வழியே ஒழுகிவிடும். அது விட்டுப்போன இடத்தில் செம்பும் பித்தளையும் ஈயமும் உருகிய குழம்பு இறங்கும். ஆறியதும் மண்ணை உடைக்கிறார்கள். ஒரு அச்சுக்கு ஒரே சிலை.

தேனீயின் மெழுகு, மரத்தின் பிசின், நெல்லின் உமி, மாட்டின் சாணம், ஆற்றின் மண். நாம் கும்பிடும் திருமேனியில் இவற்றில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆனால் இவை அத்தனையும் கைமாற்றிக் கொடுத்த உருவம்தான் அது.

2023-ல் டெல்லி பாரத் மண்டபத்தின் முன் நிறுவப்பட்ட 27 அடி நடராஜரும் இதே முறையில் சுவாமிமலையில் வார்க்கப்பட்டவர்தான். ராதாகிருஷ்ண ஸ்தபதி குடும்பத்தார் எட்டு உலோகம் சேர்த்துச் செய்த அந்தச் சிலையின் எடை சுமார் 18 டன். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்திலும் 2004 முதல் ஒரு நடராஜர் நிற்கிறார், இந்தியா கொடுத்த பரிசாக. துகள்கள் மோதி வேறு துகள்களாவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் முற்றம் அது.

உருமாற்றம் காரைக்காலுக்குப் புதிதல்ல. புனிதவதி தன் அழகைச் சுமையென்று இறக்கிவைத்து, பேய் உருவை வேண்டிப் பெற்ற ஊர்க்கதையை ஆனி மாத மாங்கனித் திருவிழா ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது. அப்படிக் காரைக்கால் அம்மையாரான புனிதவதியின் செப்புத் திருமேனி ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வார்த்தது. உயரம் 23 சென்டிமீட்டர்தான். வற்றிய உடம்பு, துருத்திய எலும்புகள், கையில் தாளம்.

அவரையும் யாரோ ஒரு ஸ்தபதி முதலில் மெழுகில்தான் மெலியவைத்திருப்பார். அந்த எலும்புகளின் இடுக்கை அச்சாக வாங்கிக்கொண்ட மண் உடைந்து எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.