வேட்டியில் குறையும் விருப்பமும்

ஆடை விஷயத்தில் அபிப்பிராயம் இல்லாதவர் எவரும் இலர். ஆயின் அதை எங்ஙனம் சொல்லுவது என்பதில் நாம் போதிய கவனம் செலுத்துவதில்லை. இவ்விதழைப் படிக்கும் அங்கத்தினர்களில் வேட்டியை நெய்பவரும் உண்டு. அதை வாங்கி உடுத்தும் விவசாயியும் உண்டு. உடுத்துபவர் சொல்லும் ஒரு சொல் நெய்பவருடைய கூலியைத் தொடுகிறது. ஆகவே இது பற்றிச் சிறிது ஆராய்வோம்.

குறை வேறு, விருப்பம் வேறு. குறை என்பது அளந்தோ சோதித்தோ காட்டக்கூடியது. எட்டு முழம் என்று விற்ற வேட்டி எட்டு முழம் இல்லாதிருத்தல், கரையின் சாயம் வெள்ளையில் இறங்குதல், ஊடை இழை ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் இருத்தல் ஆகியவை குறைகள். கரை அரை அங்குலமா, இரண்டு அங்குலமா, பச்சையா, அரக்கா, மயில்கண்ணா என்பன விருப்பங்கள். இவற்றில் ஒருவருக்கு உகந்தது மற்றொருவருக்கு உகவாது.

நூலின் நம்பரும் இத்தகையதே. 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் ஒரு பவுண்டு எடைக்கு 60 நின்றால் அது 60-ஆம் நம்பர் நூல். 100 நின்றால் 100-ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற இழை மெலியும். 100-ஆம் நம்பர் வேட்டியைக் கட்டிக்கொண்டு நடவு வயலில் இறங்கியவர், அது விரைவில் கிழிந்தது என்று நெசவாளியைக் குறை கூறுதல் நியாயமன்று. வயலுக்குத் தடித்த நூலில் நெய்த நாலு முழமும், கலியாணத்திற்கு மெல்லிய எட்டு முழமும் ஏற்றவை.

விருப்பத்தையே விதியாக்கினால் விளைவது யாது? 2014-ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு மன்றத்தினர், வேட்டி உடுத்தி வந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரை உள்ளே அனுமதிக்க மறுத்தனர். அவ்வாண்டே தமிழ்நாடு சட்டமன்றம், வேட்டி உடுத்தியவரைப் பொது இடங்களில் தடுக்கலாகாது என்று சட்டம் இயற்றிற்று. வேட்டியில் ஒரு குறையும் இல்லை; தம் ருசியை ஒரு சிலர் சட்டமாக்கியதே குறை.

பிறரைச் சொல்லுவானேன்? நானும் அப்பிழையைச் செய்தவன். ஆய்வாளர் பணியில் சேர்ந்த புதிதில், டெல்டாவில் ஒரு சங்கத்தின் சரக்கிருப்பைப் பார்வையிட்டு, அகன்ற பச்சைக் கரை வேட்டிகளைக் குறித்து, "கரை நன்றாக இல்லை" என்று புத்தகத்தில் எழுதிவிட்டேன். சங்கத்தார் அவ்வகையை உடனே நிறுத்தினர். அப்போது அதே கரைக்குரிய பாவு ஒரு முதிய நெசவாளியின் தறியில் ஏறியிருந்தது. அவர் என்னிடம் வந்து, "ஐயா, சாயம் போகிறதா? அகலம் குறைகிறதா? சொன்னால் திருத்திக்கொள்வேன். நன்றாக இல்லை என்றால் எதைத் திருத்துவது?" என்று கேட்டார். அளந்து பார்த்தேன், நீர் தொட்டுத் தேய்த்தும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. என் குறிப்பை நானே அடித்துத் திருத்தினேன். எனினும் தறி நின்ற நாட்களின் கூலி அவருக்குத் திரும்பவில்லை.

அன்று முதல் நான் கைக்கொண்டு வரும் முறை இது:

1. சொல்லுமுன் அளக்க வேண்டும். பருத்தி முதற்சலவையில் சற்றுச் சுருங்குமாதலால், நனைக்குமுன் அளப்பதே முறை. கரையை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயத்தின் உறுதி தெரியும்.

2. குறை இருக்கும் இடத்தையும் அளவையும் சொல்ல வேண்டும். "நெசவு மோசம்" என்பது வசை. "முந்தியிலிருந்து ஒரு சாண் தள்ளி ஊடை விலகியிருக்கிறது" என்பது உதவி.

3. காரணத்தைத் தேட வேண்டும். சங்கம் தந்த நூலிலோ, சாயப்பட்டறையிலோ நேர்ந்த பிழைக்கு நெசவாளி பொறுப்பாளி ஆகார்.

4. விருப்பத்தை விருப்பமாகவே சொல்ல வேண்டும். "அடுத்த முறை கரை ஓர் அங்குலம் போதும்" என்றால், அது குற்றச்சாட்டு ஆகாது. புதிய வேலைக்கு வழி ஆகும்.

நெசவாளி அங்கத்தினர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அளந்து காட்டிய குறையை அவமதிப்பாகக் கொள்ளவேண்டாம். இன்று அதைக் கேட்டுத் திருத்திக்கொண்டால், பொங்கலுக்கு வேட்டி வாங்குபவர் நம் சங்கத்தையே நாடி வருவார். வாய்மூடிப் போகிற வாடிக்கைக்காரர் மறுமுறை வருவதில்லை.